மூன்று கோலுக்கு நாலு மார்க்

ஆறுக்கு ஒன்று என்று எங்கள் எஸ்டேட் டீம் ஜெயித்த ஆட்டத்தில், மூன்று கோல் போட்டவனுக்கு நான் பத்துக்கு நாலு மார்க் போட்டேன். மூன்று கோல் போட்டவன் என் மகன். அன்று சாயங்காலம் முதல் இன்றுவரை அந்த நாலை மாற்றச் சொல்லாத ஆள் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் குறைவு. பெற்றவளா இவள் என்று கேட்டார்கள். பெற்றவள்தான். பதினோரு மணி நேரம் வலி தாங்கிப் பெற்றேன். அதற்காக ஒரு மார்க்கும் கூட்டிப் போட முடியாது.

நான் தேயிலைக் கொழுந்து எடுக்கிறவள். வண்டிப்பெரியாரிலிருந்து ஜீப்பில் முக்கால் மணி நேரம் மேலே ஏறினால் எங்கள் எஸ்டேட். பத்தாவது வரை தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு, பதினெட்டு வயதில் சாக்கைத் தோளில் மாட்டினேன். முப்பது வருஷமாக இறக்கவில்லை. பந்தை ஒரு தடவைகூட உதைத்ததில்லை. ஆனாலும் எங்கள் மைதானத்தில் நடக்கும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மார்க் போடுகிறவள் நான்தான்.

மார்க் போடுவது இங்கே பழைய வழக்கம். ஆட்டம் முடிந்ததும், டீக்கடைச் சுவரில் இருக்கும் கரும்பலகையில் பதினோரு பேருக்கும் பத்துக்கு இத்தனை என்று எழுத வேண்டும். அதற்கு ஒரு சட்டமும் உண்டு. யாருக்கு எல்லோரையும்விடக் குறைந்த மார்க்கோ, அவன் அடுத்த ஆட்டத்தில் வெளியே உட்கார வேண்டும். கேப்டனாக இருந்தாலும் சரி. முன்பெல்லாம் டீக்கடைக்காரர்தான் எழுதினார். அவரே டீமுக்குச் செகரட்டரி. அவர் எழுதிய காலத்தில் ஆட்டத்தைவிட அதற்குப் பிறகு நடந்த சண்டைகளில்தான் அடி அதிகம் விழுந்தது. ஒரு மழைக்காலத்தில் எங்கள் பெண்கள் கூடி, "அந்தக்கா கையில குடுங்க, அவங்கதான் கழிக்க வேண்டியத சரியா கழிப்பாங்க" என்று சொல்லி, சாக்பீஸை வாங்கி என்னிடம் கொடுத்துவிட்டார்கள்.

கழிப்பது என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். மழை நாளில் எடுக்கும் கொழுந்தில் தண்ணீர் இருக்கும். அதை அப்படியே நிறுத்தால் எடை கூடக் காட்டும். அதனால் எடை போடும் இடத்தில் நிற்கிற சூப்பர்வைசர் சாக்கைப் பார்த்து, தொட்டு, தண்ணீருக்கு ஒரு கிலோ, இரண்டு கிலோ என்று கழித்துச் சொல்வார். அவர் சொன்னதுதான் எழுதப்படும். அதற்கு மெஷின் கிடையாது, கண்ணும் கையும்தான். இந்த முப்பது வருஷத்தில் நான் கழிப்புக்காகப் போடாத சண்டை இல்லை. என் சாக்கை மட்டுமல்ல, யார் சாக்கைத் தூக்கிப் பார்த்தாலும் இதில் இவ்வளவு கொழுந்து, இவ்வளவு தண்ணீர் என்று அரைக் கிலோவுக்குள் சொல்வேன். அந்தக் கையைப் பார்த்துத்தான் சாக்பீஸைக் கொடுத்தார்கள்.

ஆட்டத்திலும் தண்ணீர் உண்டு. எங்கள் மைதானத்தில் ரொம்பவே உண்டு. மேல் கோல்போஸ்ட் தேயிலைச் செடிகளை ஒட்டி நிற்கிறது, கீழ் கோல்போஸ்ட் ஆற்றுப் பக்கம். நடுவில் நின்று பந்தைக் கையிலிருந்து விட்டால் அது தானாகவே ஆற்றைப் பார்த்து உருளும். வெளியூர் டீம் வந்தால் முதல் பாதியில் இறக்கத்தில் ஆடச் சந்தோஷமாக ஒப்புக்கொள்வார்கள். எங்களுக்கும் அதுதான் வேண்டும். முதல் பாதியில் எங்கள் ஆட்கள் மேட்டைப் பார்த்து மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆடுவார்கள். இரண்டாம் பாதியில் வந்தவர்களுக்குக் கால் ஓய்ந்திருக்கும், மூடுபனியும் இறங்கும், இறக்கம் எங்களுக்கு. அப்புறம் கோல் மழைதான். சொந்த மைதானத்தில் நாங்கள் ஜெயிக்கிற லட்சணம் இது. இதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். எல்லோரும் திறமை என்பார்கள். நான் மட்டும் இறக்கத்தில் விழுந்த கோலுக்குத் தண்ணீர் கழித்து, ஏற்றத்தில் உழைத்தவனுக்கு முழு எடை போடுவேன்.

அன்றைய ஆட்டம் கால் இறுதி. கீழேயிருந்து டவுன் டீம் வந்திருந்தது. முதல் பாதி முழுக்க அவர்கள் எங்களை வறுத்தெடுத்தார்கள். அந்த நாற்பத்தைந்து நிமிஷமும் நாங்கள் மானத்தோடு நின்றோம் என்றால், அது லெஃப்ட் பேக் ஆடிய பையனால். பையன் என்றால் கல்யாணம் ஆனவன், ஜார்கண்டிலிருந்து வேலைக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. அவன் பெண்டாட்டி என்னோடு ஒரே தேயிலைக் காட்டில் கொழுந்து எடுக்கிறாள். இரண்டு தடவை கோல் கோட்டிலிருந்து பந்தை வெளியே எடுத்தான். ஒரு தடவை முகத்தில் வாங்கினான், மூக்கில் ரத்தம் வந்தது, துடைத்துவிட்டு மறுபடி நின்றான்.

பாதி முடிகிற நேரத்தில் அவர்களுக்கு ஒரு கார்னர். கார்னர் வந்தால் என் மகன் இறங்கி வந்து அவர்களுடைய நெட்டையான ஆளைப் பிடிக்க வேண்டும். அது அவனுக்கென்று வைத்த வேலை. அவன் நடுக்கோட்டில் இடுப்பில் கை வைத்து நின்று தலைமுடியைக் கோதிக்கொண்டிருந்தான். நெட்டையன் தனியாக வந்தான். லெஃப்ட் பேக் தன் ஆளை விட்டுவிட்டு அவன்மேல் பாய்ந்தான், வழுக்கி விழுந்தான், கோல். மைதானமே பார்த்தது லெஃப்ட் பேக் விழுந்ததைத்தான். நான் இடுப்பில் கை வைத்து நின்றவனைப் பார்த்தேன்.

இரண்டாம் பாதியில் ஆறு கோல். என் மகன் போட்ட மூன்றையும் சொல்கிறேன். முதல் கோல், பந்து அவர்களுடைய கோல்கீப்பர் கையில் வழுக்கி இவன் காலடியில் வந்து விழுந்தது. இரண்டாவது பெனால்டி, அதை வாங்கிக் கொடுத்தவன் வேறொருவன். மூன்றாவது, இவன் சும்மா தட்டினான், இறக்கம் அதை உருட்டிக்கொண்டு போய் உள்ளே சேர்த்தது. ஆட்கள் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு டீக்கடை வரை வந்தார்கள். எனக்கும் பெருமைதான், பொய் சொல்லவில்லை. அந்தக் கூட்டத்தில் அவன் தலை தெரிந்தபோது கண் நிறைந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் சாக்பீஸை எடுத்தேன்.

லெஃப்ட் பேக், ஒன்பது. எழுதியதும் பின்னால் சத்தம் குறைந்தது. எங்கள் கோல்கீப்பருக்கு ஏழு. மற்றவர்களுக்கு ஐந்திலிருந்து எட்டு வரை. கடைசியாக நடு முன்னணி ஆட்டக்காரன், என் மகன், நாலு.

டீக்கடைக்காரர் பால் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு வந்தார். பாலக்காட்டுப் பக்கம் வேலந்தாவளத்துக்காரர், இங்கே பெண் கட்டி இருபது வருஷமாக இருக்கிறார், பேச்சு மட்டும் இன்னும் மாறவில்லை. மாட்டுச் சந்தை பார்த்து வளர்ந்தவர், எதையும் பேசி முடிக்கலாம் என்று நம்புகிறவர்.

"ஏனுங்கக்கா, இதென்னங்க நாலு? உங்கூட்டுப் பையனுங்க. மூணு கோலு அடிச்சுருக்கான்."

"எத்தனை கோலுன்னு எனக்கு எண்ணத் தெரியும் தம்பி."

"அடுத்த ஆட்டத்துக்குக் கோட்டயத்துலிருந்து ஆளு வர்றாங்க, கிளப்புக்கு ஆளு எடுக்க. பையனப் பாக்கத்தான் வர்றாங்க. தெரியுமில்லீங்க?"

தெரியும். ஆறு வருஷமாக அவன் அந்த ஒரு நாளுக்குத்தான் ஓடினான். விடியற்காலையில் செடிகளுக்கு நடுவில் ஓடிவிட்டு, குளித்து, வேலைக்குப் போவான். அவனுக்கு ஷூ வாங்கிக் கொடுத்ததும் நான்தான்.

"சரி, ஆறு போடுங்க" என்றார். நான் கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டினேன். "அஞ்சரை? ஏனுங்க, அஞ்சரையாவது போடுங்க. அந்த வடக்கத்திப் பையனுக்கு மூணு போட்டா முடிஞ்சுது. அவனால தான கோலு வாங்குனோம். அவன் ஒரு ஆட்டம் உக்காந்தா யாரு கேக்கப் போறா?"

"எங்கம்மா மலை ஏறி வந்த புதுசுல அவுக சாக்குல ரெண்டு கிலோ கூடக் கழிச்சாக. அப்பவும் இதத்தான் சொன்னாக. யாரு கேக்கப் போறான்னு. நான் கேக்கேன் தம்பி. நாலுதான்."

கூட்டத்தில் என் மகனும் நின்றான். பலகையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், கழுத்தில் யாரோ போட்டிருந்த மாலையைக் கழற்றி டீக்கடைப் பெஞ்சில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

வீட்டில் அவன் சாப்பிடவில்லை. என் வீட்டுக்காரர் எங்கள் இருவருக்கும் நடுவில் சோற்றுச் சட்டியை வைத்துவிட்டு, வெளியே வேலை இருப்பதுபோலக் கிளம்பிப் போனார். அவருக்கு எப்போதும் அப்படி ஒரு வேலை இருக்கும்.

"நீ எனக்கு அம்மாவா, இல்ல அவனுக்கா?" என்று மகன் கேட்டான்.

"கார்னருக்கு ஏன்லே இறங்கி வரல?"

"மூச்சு வாங்குச்சு."

"அவனுக்கு வாங்கலயா? மூக்குல ரத்தத்தோட நின்னான்."

"அப்ப அவனையே மகன்னு வச்சுக்கோ."

கதவைச் சாத்திக்கொண்டான். எழுந்துபோய் அந்த நாலைத் துடைத்துவிட்டு வந்தால் என்ன என்று ஒரு நிமிஷம் நினைத்தேன், மறைக்கவில்லை. அப்புறம் இடுப்பில் கை வைத்து அவன் நின்ற நிலை ஞாபகம் வந்தது. கோபமும் வந்தது. சட்டியைக் கழுவி வைத்தேன்.

மறுநாள் காலை வேலைக்குப் போகிற வழியில் பலகையைப் பார்த்தால், என் மகனுக்கு எட்டு, லெஃப்ட் பேக்குக்கு மூன்று. யாரோ ராவோடு ராவாக மாற்றி எழுதியிருந்தார்கள். என்னுடைய எட்டு மேலும் கீழும் ஒரே அளவு இருக்கும். இது தலை பெருத்த எட்டு. யார் எழுதியது என்று நான் யாரையும் கேட்கவில்லை. நேராக ஸ்டோருக்குப் போனேன். காட்டு நம்பரைக் கல்லில் எழுதுகிற வெள்ளைப் பெயிண்டையும் பிரஷையும் வாங்கி வந்தேன். பலகையைத் துணியால் துடைத்துவிட்டு, பதினோரு பேருக்கும் மறுபடியும், நான் போட்ட மார்க்கை அப்படியே பெயிண்டில் எழுதினேன். நாலை மட்டும் இரண்டு தடவை பூசினேன்.

வேலைக்குப் போகிறவர்கள் எல்லோரும் நின்றுவிட்டார்கள். டீக்கடைக்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. பலகை அவருடையது. அப்போதுதான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"நாயம் பேசறீங்களே அக்கா. உங்க மகன்தான எடை போடற எடத்துல சூப்பர்வைசரு? உங்க சாக்குக்கு ஒரு கிலோ கழிக்கறான், அந்த வடக்கத்திப் புள்ள சாக்குக்கு மூணு கிலோ கழிக்கறான். அப்ப எங்கீங்க போச்சு உங்க சாக்பீசு?"

கூட்டத்தின் ஓரத்தில் அந்த லெஃப்ட் பேக்கும் அவன் பெண்டாட்டியும் நின்றார்கள். அவர்களுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. கிலோ என்ற சொல் எல்லோருக்கும் புரியும்.

எனக்குத் தெரியாது என்று சொல்லலாம். ஆனால் எனக்குத் தெரியும். மகன் சூப்பர்வைசர் ஆன நாளிலிருந்து, ஒரு மழைக்காலம் முழுக்க, வரிசையில் அவளுக்கு முன்னால் நின்றவள் நான். அவள் சாக்கைத் தலையில் ஏற்ற எத்தனையோ தடவை கை கொடுத்திருக்கிறேன். இரண்டு கிலோ தண்ணீர்தான் இருக்கும் என்று என் கைக்குத் தெரியும். என் சாக்கிலும் அதே இரண்டுதான் இருக்கும். எனக்கு ஒன்று, அவளுக்கு மூன்று. ஒருநாள்கூட நான் வாயைத் திறக்கவில்லை. மகன் அம்மாவுக்குப் பார்த்துச் செய்கிறான் என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட இருந்தது. என் அம்மாவின் இரண்டு கிலோவை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள், கண்ணுக்கு முன்னால் நடந்ததை விழுங்கிவிட்டு நின்றேன். அந்தக் காலை வெயிலில் பிரஷும் கையுமாக நின்றபோது, என்மேலேயே எனக்கு வந்த வெறுப்பு கொஞ்சமல்ல.

ஆனால் நான் பின்வாங்குகிறவள் இல்லை.

"அதுக்கும் சேத்துத்தான் நாலு" என்றேன்.

அது பொய். அந்த நிமிஷம் வரை அது என் கணக்கில் இல்லை. சொன்ன பிறகு அது உண்மையாகிவிட்டது. திரும்பிப் பார்த்தேன், ரோட்டு வளைவில் என் மகன் நின்றுகொண்டிருந்தான். எவ்வளவு நேரமாக நின்றான் என்று தெரியாது. அவன் எடை போடும் இடத்துக்கு நடந்தான்.

அரை இறுதி ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் நடந்தது, பாய் விரித்ததுபோல மட்டமான மைதானம். சட்டம் சட்டம்தான், பெயிண்டில் வேறு எழுதியிருக்கிறது, என் மகன் வெளியே உட்கார்ந்தான். கோட்டயத்துக்காரர் குடையோடு வந்து, முழு ஆட்டமும் பார்த்துவிட்டு, யாரையும் எடுக்காமல் போனார். நாங்கள் மூன்று கோல் வாங்கினோம், ஒன்றும் போடவில்லை. சரிவு இல்லாத இடத்தில் எங்கள் ஆட்களுக்குப் பந்து எந்தப் பக்கம் போகும் என்றே தெரியவில்லை. லெஃப்ட் பேக் படுமோசம். மூன்றில் இரண்டு கோல் அவன் பக்கம்தான் வந்தது.

திரும்பி வந்ததும் ஊரே பலகைக்கு முன்னால் கூடியது. வெளியூர் ஆட்டத்துக்கு மார்க் போடும் வழக்கம் இல்லை. இருந்தாலும் இன்றைக்குப் போடு பார்க்கலாம் என்று என்னை வம்புக்கு இழுத்தார்கள். லெஃப்ட் பேக்மேல் இரக்கப்பட்டு நான் கூட்டிப் போடுவேன், பிடித்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தார்கள். பெயிண்டுக்குக் கீழே மிச்சம் இருந்த இடத்தில் எழுதினேன். லெஃப்ட் பேக், மூன்று. எல்லோரையும்விடக் குறைந்த மார்க். அவன் பலகையைப் பார்த்தான், "சரி அக்கா" என்றான். ஒன்பது போட்ட அன்றைக்கும் அவன் அதையேதான் சொல்லியிருந்தான்.

"உங்களால ஒரு நல்ல வாய்ப்பு போச்சுங்க பையனுக்கு" என்றார் டீக்கடைக்காரர், இந்தத் தடவை கோபமில்லாமல்.

"போச்சு" என்றேன். அதை நான் மறுக்கவில்லை. என் மகனுக்கு வயது இருபத்தைந்து ஆகிறது. இனி ஒரு கோட்டயத்துக்காரர் இவ்வளவு தூரம் மலை ஏறி வருவாரா என்பது சந்தேகம்தான். ஆனால் நாலு நாலுதான்.

மகன் என்னிடம் பேசவில்லை. சோறு போட்டால் சாப்பிடுவான், தட்டைக் கழுவி வைப்பான், போய்விடுவான். அந்த நாட்களில் மழையும் இல்லை. கொழுந்து காய்ந்து வந்தது, எதையும் கழிக்க வேண்டியிருக்கவில்லை.

பெயிண்டில் எழுதிய பதினாறாம் நாள் மழை பிடித்தது. காலையிலிருந்து விடவில்லை. படுதாவைப் போர்த்திக்கொண்டு எடுத்தோம். மத்தியானம் எடை போடும் இடத்தில் வரிசை நின்றது. எனக்குப் பின்னால் வழக்கம்போல லெஃப்ட் பேக்கின் பெண்டாட்டி. என் முறை வந்தது. சாக்கைக் கொக்கியில் மாட்டினார்கள். இருபத்துமூன்று காட்டியது. மகன் என் முகத்தைப் பார்க்கவில்லை. சாக்குக்குள் கையை விட்டு, ஒரு பிடி கொழுந்தை எடுத்து அழுத்திப் பார்த்தான். அந்த மழைக்காலம் முழுக்க என் சாக்கில் அவன் கை விட்டதே இல்லை.

"ரெண்டு" என்றான்.

எழுதுகிற பெண் நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதினாள். நான் சாக்கை எடுத்துக்கொண்டு நகராமல் பக்கத்திலேயே நின்றேன். அவள் சாக்கை மாட்டினார்கள், இருபத்தாறு. அதற்குள்ளும் கையை விட்டான், ஒரு பிடி எடுத்தான், அழுத்தினான்.

"ரெண்டு."

அவள் மூன்றுதான் வரும் என்று சாக்கை இறக்கக் கை நீட்டியிருந்தாள். கை பாதியில் நின்றது. என்னைப் பார்த்தாள். என் சந்தோஷத்தை அத்தனை பேர் முன்னால் காட்ட எனக்கு இஷ்டமில்லை.

"ஏலே, என்னது ரெண்டு? எனக்கு ஒண்ணரைதான் வரும். நல்லாத் தூக்கிப் பாரு" என்றேன்.

பதினாறு நாளைக்குப் பிறகு அவன் என் முகத்தைப் பார்த்தான்.

"ரெண்டுதான். உன் கைக்குத் தெரியாதா? போம்மா, பின்னால ஆளு நிக்குது."

வரிசையில் எல்லோரும் சிரித்தார்கள். நான் விடவில்லை. அரைக் கிலோவுக்காக மழையில் நின்று இன்னும் ஐந்து நிமிஷம் சண்டை போட்டேன், அவனும் இறங்கி வரவில்லை. இரண்டுதான் என்று எனக்கு நன்றாகவே தெரியும்.